கீழ்வீட்டுக்கு வந்த படிவம்

ரொறன்ரோ,
17.05.2026

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். உவர்மலை மாமியின் மருமகன் கொண்டுவந்த கடிதமும் கருவாட்டுப் பொதியும் கிடைத்தன. இரண்டுக்கும் ஒரே வாசம். முந்தைய கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று அம்மா அரைப் பக்கம் எழுதியிருக்கிறா, நீங்கள் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் உறைத்தது. தொலைபேசியில் பேசுகிறோமே என்று சொல்லித் தப்பலாம். ஆனால் நீங்கள் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் உங்களோடு கதைக்க முடிகிறது.

கனடாவில் ஆட்கணக்கு எடுக்கிறார்களாமே, பிறந்த நாடு, இனம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிடாதே என்று எழுதியிருந்தீர்கள். பிந்திவிட்டது, அப்பா. மே 12ஆம் திகதி கணக்கு நாள். அதற்கு முன்பே நான் இணையத்தில் நிரப்பி அனுப்பிவிட்டேன். நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்று பொறுக்கி நீளமான படிவம் அனுப்புவார்கள். அது எனக்கே வந்து சேர்ந்தது.

மேல்வீட்டு அண்ணருக்குத்தான் நெஞ்சிடி. உறையில் வீட்டு இலக்கத்தோடு "கீழ்த்தளம்" என்று தனியாக அச்சடித்திருந்தது. நிலத்துக்குக் கீழே இருக்கும் இந்த வீட்டை அவர் நகரசபையில் பதியவில்லை. "எப்படித் தம்பி இவர்களுக்குத் தெரிந்தது? நிரப்பாமல் குப்பையில் போடும்" என்று படியில் நின்று கெஞ்சினார். ஆட்கணக்கு எடுக்கும் புள்ளிவிபரத் திணைக்களம் வாங்கும் விபரத்தை நகரசபைக்கோ, வரிக்காரருக்கோ, பொலிஸுக்கோ கொடுக்கச் சட்டம் விடாது, பெயரோடு வெளியே வருவதற்கு 92 வருடம் ஆகும் என்று சொன்னேன். 1931இல் எடுத்த கணக்கை 2023இல்தான் திறந்தார்கள். என்னுடையது 2118இல் வரும். அதுவரை வாடகையைக் கூட்டாமல் இருந்தால் போதும் என்றேன். அண்ணர் சிரிக்கவில்லை.

உங்கள் பயம் வேறு என்று எனக்குத் தெரியும். 1981 மார்ச்சில் தம்பலகாமத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவரே நீங்கள்தானே. வயல்காவல் கொட்டிலில் படுத்திருந்த கிழவரை எந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று மேற்பார்வையாளரோடு சண்டை பிடித்த கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன். அந்தக் கிழவரை விடாமல் எழுதிய மனுசன், 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பட்டியல் என்றாலே முகம் மாறினார். கொழும்பு வெள்ளவத்தையில் சின்ன மாமாவின் ஒழுங்கைக்குள் வந்தவர்கள் வாக்காளர் இடாப்போடுதானே வந்தார்கள். பிறகு என் காலத்திலும் குடும்ப விபரத்தைப் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தோம். இரவில் கதவு தட்டினால் அம்மா முதலில் எடுப்பது அதைத்தான். 2001இல் நாடெல்லாம் குடிசன மதிப்பீடு நடந்தபோது வடக்கு கிழக்கில் பல இடங்களில் எடுக்கவே முடியவில்லை. 2012இல்தான் நம்மை முழுதாக எண்ணினார்கள். இடையில் செத்தவர்களும் போனவர்களும் எந்தக் கணக்கிலும் வரவில்லை என்று நீங்கள் வாசலில் இருந்து சொன்னது எனக்கு மறக்கவில்லை.

அதனால் இனம் என்ற கேள்விக்கு வந்தபோது என் கையும் நின்றது. தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் எழுதினேன்.

இங்கே உங்களைப் போல இன்னொருவர் இருக்கிறார். எதிர்வீட்டு ஒல்லாந்தர், நெதர்லாந்துக்காரர். மே மாதத்திலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனுசன். நான் திருகோணமலை, ஒல்லாந்தர் பிடித்துக் கட்டிய கோட்டைக்குள் எங்கள் கோணேசர் இருக்கிறார் என்று சொன்ன நாளிலிருந்து, நான் ஏதோ அந்தக் கோட்டையைத் திருப்பிக் கேட்டதுபோல என்னோடு வாதாடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. படிவம் வந்த உறையை நீளநீளமாக வெட்டி, தக்காளி நாற்றுச் சட்டிகளில் பெயர் எழுதிச் செருகியிருக்கிறார். நிரப்பாவிட்டால் 500 டொலர் வரை தண்டம் என்றேன். முந்திச் சிறைக்கும் அனுப்புவார்கள், அதைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், தண்டம்தானே, பரவாயில்லை என்றார்.

முதலில் வரிக் கதை. பிள்ளை இல்லாத நான் வீட்டு வரியோடு பாடசாலை வரியும் ஏன் கட்டவேண்டும், எனக்கு எத்தனை படுக்கையறை என்று அரசுக்கு எதற்கு என்று கேட்பார். போன மாரியில் இவருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். ஒரு சதம் கட்டாமல் வீட்டுக்கு வந்தார். அவர் வாசல் தெருவின் ஸ்நோவை விடிய நான்கு மணிக்கு நகரசபை வண்டி வந்து தள்ளுகிறது. நான் வேலை முடிந்து வரும் நேரம் அது, அதனால் தெரியும். (இரவு வேலையும் ஒன்று எடுத்திருக்கிறேன். சும்மா படுத்து என்ன செய்வது?) இதையெல்லாம் சொன்னால், "நான் கேட்டேனா?" என்பார். சின்ன மாமா இலவசக் கல்வியில் படித்து வந்து, இலவசம் நாட்டைக் கெடுத்தது என்று பேசுவாரே, அதே குரல்.

பிறகு ஒரு நாள் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வேறு கதை சொன்னார். யுத்தத்துக்கு முன் ஒல்லாந்தில் ஒவ்வொருவருடைய சமயத்தையும் ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தார்களாம். ஜெர்மன்காரர் வந்தபோது யூதர்களைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. 1943இல் அம்ஸ்டர்டாமில் அந்தப் பதிவுக் காரியாலயத்துக்கே குண்டு வைத்தார்கள், பட்டியல் எரியட்டும் என்று. எரிந்தது கொஞ்சம்தான். அந்த நாட்டில் 1971க்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதையே விட்டுவிட்டார்கள், சனம் அவ்வளவு எதிர்த்தது. அவருடைய தாயின் தெருவில் மூன்று வீடு வெறுமையாகப் போனதாம். நான் வாக்காளர் இடாப்பைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு அவர் வாதாடவில்லை. நான்கு நாற்றுச் சட்டிகளை மட்டும் என் கையில் தந்தார். என் வீட்டு யன்னல் புல்தரை மட்டத்தில் இருப்பதால் வெயில் போதாது. பார்ப்போம்.

ஆனாலும் அவர் பக்கம் என்னால் சாய முடியவில்லை, அப்பா. 2010இல் இந்த நாட்டு அரசு அவர் சொல்வதையே சொல்லி, நீளப் படிவத்தை விரும்பினால் மட்டும் நிரப்பலாம் என்று மாற்றியது. அதை ஒப்ப முடியாமல் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தலைவர் முனீர் ஷேக் பதவியை விட்டுப் போனார். அடுத்த வருடம் நிரப்பியவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு ஊர்களின் விபரத்தை வெளியிடக்கூட முடியவில்லை. இப்படி விடுபடுவது யார்? புதிதாக வந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், இரண்டு வேலை செய்கிறவர்கள். எண்ணாத சனத்துக்கு பஸ்ஸும் வராது, வகுப்பறையும் வராது. நாம் முப்பது வருடம் அப்படி இருந்தோம். கட்டாயத்தைத் திருப்பிக் கொண்டுவந்த 2016இல் கிட்டத்தட்ட எல்லோருமே நிரப்பினார்கள். பட்டியலைப் பூட்டுகிற சட்டத்துக்காகச் சண்டை பிடிக்கலாம். பட்டியலே வேண்டாம் என்றால், இவரைப் போல இடுப்பு எலும்பை இலவசமாக மாற்றி முடித்தவனுக்கு மட்டும்தான் வசதி.

வருமானம் பற்றி அவர்கள் கேட்கவில்லை. வரிக் கணக்கிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் அநேகமான சாமான்களுக்கு 13 வீதம் வரி. நீங்கள் சவர்க்காரத்துக்கு 18 வீதம் கட்டுகிறீர்கள் என்பதால் வாயைத் திறக்க வழியில்லை. வைத்தியர் இலவசம், பல் மட்டும் அந்தக் கணக்கில் ஒழுங்காகச் சேராது. என் பல்லுக்கு ஒன்றுமில்லை, இடப்பக்கத்தால் மென்றால் சரி. இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், வங்கியில் ஏதோ மாற்றம் செய்கிறார்கள்.

படிவத்தில் முதலாம் நபர், இரண்டாம் நபர் என்று இடம் விட்டிருந்தது. முதலாம் நபரோடு நிறுத்தினேன். வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி. தமிழ் என்று போட்டேன். யாரோடு என்று கேட்கவில்லை, நல்ல வேளை. அம்மா, நீங்கள் பின் கட்டில் இருந்து மீன்காரரோடு விலை பேசுவது, அது முடிவதற்குள் பத்திரகாளி கோவில் மணி கேட்பது, எதையும் நினைக்காமல் கணினியை மூடிப் படுக்கலாம் என்றுதான் அன்றைக்குப் பார்த்தேன். முடியவில்லை. எழும்பி உங்கள் கருவாட்டைப் பொரித்தேன். மேல்வீட்டு அக்கா புகை எச்சரிக்கை மணியை நிறுத்த ஓடி வந்தா. அவவுக்கும் இரண்டு துண்டு கொடுத்தேன், கோபம் போய்விட்டது.

இனி வீட்டு விசயம். தம்பலகாமத்து வயலில் தன் பங்கை விற்கப்போகிறேன் என்று சின்ன மாமா சொன்னால், பேசிக்கொண்டே இருங்கள், கையெழுத்து வைக்காதீர்கள். உறுதி இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது, பங்கு பிரிக்கவில்லை. விற்றே ஆகவேண்டுமென்றால் முதலில் எங்களிடம் கேட்கட்டும். என் பங்குக்கு, எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அற்றோனித் தத்துவம் அனுப்புகிறேன். இங்குள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் ஒரு நாள் லீவு போட்டு நிற்கவேண்டும். அடையாள அட்டைப் பிரதியையும் தாத்தாவின் மரணச் சான்றிதழையும் தம்பியைக் கொண்டு படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். சிறுபோகத்துக்குக் கந்தளாய்த் தண்ணீர் விட்டார்களா? குத்தகைக்காரர் போன போகத்து மிச்சத்தை எப்போது தருகிறார் என்று கேளுங்கள். தந்தால் அதை அம்மாவின் கண்ணுக்கு வைத்திருங்கள், கூரைக்குச் செலவழிக்க வேண்டாம். கூரைக்கு நான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
அன்பு மகன்

பி.கு: குத்தகைக்காரர் காசு தந்தால் துண்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்த மனுசன் என்று விடவேண்டாம்.