மூன்று தடவை போட்ட ஓஎஸ்

தென்காசி,
ஆடி 11

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். கடையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆவணி முகூர்த்தப் பத்திரிகையெல்லாம் ஆடியில்தான் அச்சுக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். படுப்பதற்கு அதற்கு வேறு மாதமே கிடைக்கவில்லை. வெளியே சாரல், உள்ளே ஸ்க்ரூ டிரைவரோடு நான். ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறது. பக்கத்திலேயே கிடக்கிற நான் இந்த சீசனில் இன்னும் தலை நனைக்கவில்லை.

உன் தங்கச்சி சௌக்கியம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சாப்பாடு பிடிக்கவில்லை என்று தினமும் போன். மற்றதெல்லாம் நேரில்.

"ஓஎஸ் புதுசாப் போட்டும் எர்ரர் வருது, இன்னொரு தடவை ஃபார்மட் அடிச்சுப் போட்றவா?" என்று கேட்டிருக்கிறாய். போடாதே. நான் மூன்று தடவை போட்டவன், அதனால் சொல்கிறேன். உன் வழக்கு வேறு, என் வழக்கு வேறு. ஆனால் என் கதையைக் கேட்டால்தான் உன்னுடையது ஏன் வேறு என்று புரியும்.

என் மெஷின் உனக்குத் தெரிந்ததுதான். மூன்றாம் தலைமுறை ஐ3, நாலு நாலாக எட்டு ஜிபி டிடிஆர்3 ராம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. 11-க்குப் போகலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புது மெஷின் வாங்க இது நேரமில்லை. அதனால் பேங்க் வேலையெல்லாம் அதில் வேண்டாம், டிசைன் மட்டும் செய்வோம் என்று பழைய 10-லேயே நின்றுவிட்டேன். இந்த வைகாசியிலிருந்து ஒரு தொல்லை. பத்திரிகை வடிவமைக்கிற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்ளும். முந்தின நாள் சேமித்த பத்திரிகை மறுநாள் திறக்காது. வைரஸ்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டி, அதில் புதிதாக ஓஎஸ் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்தேன். இந்த மொத்தக் கூத்திலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

முதல் நாள் வந்தவை சில்லறைத் தொல்லைகள். டிவைஸ் மேனேஜரில் இரண்டு மூன்று மஞ்சள் ஆச்சரியக்குறி, அதாவது அந்தச் சாமானை ஓட்டுகிற டிரைவர் என்ற சின்ன சாஃப்ட்வேர் இல்லை. அதில் ஒன்றின் பெயர் பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர். என்ன பொருள் என்றே தெரியாத பெயர். அதை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பக்கம் போய், ஹார்ட்வேர் ஐடி என்பதைப் பார்த்தால் தயாரித்தவன் யார், சில்லு எது என்று இரண்டு எண் இருக்கும். அங்கே என்ன எண் நின்றது தெரியுமா? 8086! இன்டெல் தனக்கு வைத்துக்கொண்ட அடையாள எண். 1978-ல் வந்த சிப்புடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். பாலிடெக்னிக் லேபில் 8085 கிட்டில் ஒரு எழுத்து தப்பாகத் தட்டி நீ முழு புரோகிராமையும் அழித்தாயே, அந்த ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். அந்த எண்ணைத் தேடினால், அது மதர்போர்டு கம்பெனி தளத்திலேயே கிடைக்கிற மேனேஜ்மென்ட் என்ஜின் டிரைவர். போட்டதும் மஞ்சள் போனது. கண்ட கண்ட டிரைவர் பேக்கை எல்லாம் இறக்காமல் அந்த எண்ணைப் பார்த்துப் போடுவது எவ்வளவோ மேல்.

அடுத்து, தினமும் காலையில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றது. மத்தியானம் கடிகாரத்தைப் பார்த்தால் 2012 ஜனவரி. ராத்திரி மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன், பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடுகிற அடிப்படை அமைப்பு) பேட்டரி செத்திருந்ததால் தேதி பின்னால் ஓடிவிடும். சைட்டுகளின் சான்றிதழெல்லாம் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லையே, அது எப்படி நம்பும்? சிஆர் 2032 என்று பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். மாற்றினேன், தீர்ந்தது.

அதற்குப் பிறகுதான் நீலத்திரை, அதாவது விண்டோஸ் பாதியில் விழுந்து எர்ரர் பெயர் காட்டுகிற திரை, ஆரம்பித்தது.

ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்றது. மறுநாள் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். அதற்கடுத்து பேஜ் ஃபால்ட். கமாண்ட் ப்ராம்ப்ட்டில், விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கிற எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினேன். சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கின்றன, சரி செய்துவிட்டேன் என்றது. மறுபடி ஓட்டினால் வேறு ஃபைல்கள் கெட்டிருக்கின்றனவாம். நேற்றுப் போட்ட ஓஎஸ்ஸில் இன்று எப்படிக் கெடும்? போட்டதில்தான் கோளாறு என்று இரண்டாம் தடவை ஃபார்மட். இந்தத் தடவை ஃபைல்களைத் தயார் செய்யும் கட்டத்தில், 60 சதவீதம் தாண்டியதும், 80070570 என்று முடிகிற ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. ஃபைல் பழுதானது, படிக்க முடியவில்லை என்று அர்த்தம். பென்டிரைவ் மேல் பழி போட்டேன். வேறு பென்டிரைவ், மறுபடி டவுன்லோடு, மூன்றாம் தடவை. ஓஎஸ் முழுதாக ஏறிவிட்டது. சாயங்காலம் மறுபடி நீலம். எஸ்எஸ்டியை போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளையும் மாற்றினேன். எஸ்எஸ்டி விற்றவரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை. பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

வந்த எர்ரரையெல்லாம் ஆர்டர் நோட்டில்தான் குறித்து வைத்திருந்தேன், கைக்கு எட்டியது அதுதான். மணமகள் பெயர், முகூர்த்தம் 9.00–10.30, அதற்குக் கீழே ஐஆர்கியூஎல். பந்தல்கால் தேதி, கீழே பேஜ் ஃபால்ட். ஒரு ராத்திரி கடையை அடைக்கும் முன் அந்தப் பக்கங்களை வரிசையாகப் புரட்டினேன். ஐந்து தடவை விழுந்திருக்கிறது, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. விழுந்த நேரமும் வேறு, அப்போது செய்துகொண்டிருந்த வேலையும் வேறு. டிரைவரோ சாஃப்ட்வேரோ கெட்டிருந்தால் அது பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடும், ஏனென்றால் அதே இடத்துக்கு வரும்போதுதான் தடுக்கும். தினம் ஒரு பாட்டு பாடினால் ஓஎஸ்ஸைத் தொடாதே, அடியில் இருக்கிற சாமானைப் பார். மூன்று ஃபார்மட்டுக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் மாப்ள இது.

மெம்டெஸ்ட்86+ என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்யவேண்டும், விண்டோஸே வேண்டாம். ராமில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்க்கும். அதை ஓடவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது முதல் சுற்று முடிந்திருக்கவில்லை, திரையில் சிவப்பு வரிகள் கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விலாசம். எட்டு ஜிபியில் ஒரு சின்னப் பொட்டு இடம், அதில் ஒரே ஒரு பிட் ஒன்று என்று எழுதினால் பூஜ்யம் என்று திருப்பித் தந்தது.

இரண்டு ராம் இருந்தால் விலாசத்தைப் பார்த்து எது கெட்டது என்று சொல்ல முடியாது. டூயல் சேனலில் இரண்டிலும் மாற்றி மாற்றி எழுதும். ஒன்றைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றி, தங்கக் கால்களை நம்ம ஊர் வைத்தியப்படி பென்சில் ரப்பரால் தேய்த்து, மாட்டி ஓட்டினேன். ஒன்று விடியும்வரை சுத்தமாக ஓடியது. மற்றதை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் சிவப்பு. ஸ்லாட் மாற்றிப் பார்ப்பதை மறந்துவிடாதே, சில நேரம் ஸ்லாட்டே கெட்டிருக்கும்.

அதன் பிறகு எல்லாம் விளங்கியது. ஓஎஸ் போடும்போது அந்தப் பெரிய சுருக்கிய ஃபைலை ராமில்தான் விரித்து டிஸ்க்கில் எழுதுகிறது. அந்தப் பொட்டு இடத்தின் வழியாகப் போன ஃபைல் கெட்டுத்தான் டிஸ்க்கில் இறங்கும். கணக்குச் சரிபார்க்கிற இடத்தில் மாட்டினால் 80070570 என்று நின்றுவிடும், மாட்டாவிட்டால் கமுக்கமாகக் குடிபுகுந்துவிடும். நான் ஒவ்வொரு தடவை ஓஎஸ் போட்டபோதும் புதுப் புது பழுதை நானே நட்டிருக்கிறேன். எஸ்எஃப்சிக்கும் அதே கதி. நல்ல ஃபைலைக்கூட அந்த ஓட்டை ராமில் வைத்துத்தானே சரிபார்க்கிறது? வைகாசியில் பத்திரிகை ஃபைல் திறக்காமல் போனதும் இதனால்தான். வைரஸ் என்று சொன்னவனை என்ன சொல்ல! கெட்டதைக் கழற்றி எறிந்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் நாலு ஜிபி ஒன்று வாங்கி, அதையும் ஒரு ராத்திரி மெம்டெஸ்டில் போட்டுப் பார்த்துவிட்டு, நாலாவது தடவையாக ஓஎஸ் போட்டேன். தலைப்பில் மூன்று என்று எழுதியிருப்பது தண்டமாகப் போனவை, இந்த நாலாவது அந்தக் கணக்கில் சேராது.

இனி உன் லேப்டாப். நீ எழுதியதைப் பார்த்தால் அது ஒரே பாட்டு பாடுகிற ரகம். பயப்படாதே.

பதினோராம் தலைமுறை இன்டெல் என்கிறாய். போடும்போதே 'டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது, கடைப் பையன் பயாஸுக்குள் போய், டிஸ்க்கை நிர்வகிக்கிற இன்டெல் ஏற்பாடான விஎம்டி என்பதை ஆஃப் செய்து ஓஎஸ் போட்டான், இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஃபேன் சத்தத்துக்காக யாரோ பயாஸை டிஃபால்ட்டுக்கு மாற்றினார்கள், அன்றிலிருந்து 'இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்'. இதுதானே கதை? டிஃபால்ட்டில் விஎம்டி மறுபடி ஆன் ஆகியிருக்கும். அது இல்லாமல் குடியேறிய விண்டோஸிடம் அதற்கான டிரைவர் கிடையாது, அதனால் தன் வீட்டு வாசலே அதற்குத் தெரியவில்லை. டிஸ்க்கும் நல்லது, ஓஎஸ்ஸும் நல்லது. பயாஸுக்குப் போய் விஎம்டியைத் திரும்ப ஆஃப் செய், தானாக எழுந்து வரும். பின்னால் எப்போதாவது புதிதாகப் போடுவதாக இருந்தால், லேப்டாப் கம்பெனி தளத்தில் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து பென்டிரைவில் வைத்துக்கொண்டு, 'லோட் டிரைவர்' கொடுத்துப் போடச் சொல். அப்போது பயாஸைத் தொடவே வேண்டாம்.

கணக்கு சாஃப்ட்வேர் திறக்கும்போது விசிரன்டைம்140 என்கிற ஃபைல் இல்லை என்று வருவது இன்னும் சின்ன விஷயம். விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இருக்கிறது. 32 பிட், 64 பிட் இரண்டையும் போடு. அந்த ஒரு ஃபைலை மட்டும் தருகிறேன் என்று கூப்பிடுகிற சைட் பக்கம் போகாதே.

ஓஎஸ் சரியான பிறகும் எனக்கு ஒரு நாள் போனது, எதில் தெரியுமா? எழுத்துருவில். பேஜ்மேக்கர் 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன சாஃப்ட்வேர், இப்போது போனிலும் இணையத்திலும் வருகிற பொது எழுத்துமுறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இன்னும், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பாமினி மாதிரி எழுத்துருக்களில்தான் பிழைப்பு. அந்த எழுத்துரு மெஷினில் இல்லையென்றால் 'தமிழ்' என்கிற சொல் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். நிச்சயதாம்பூலம் முழுக்க ஆங்கிலக் கீரைக்கட்டாக இருந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்கணுமே! பழைய டிஸ்க்கை மாட்டி விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை அப்படியே அள்ளிப் போட்டேன். பாதி வந்தது, பாதி வரவில்லை. 2018 கடைசியில் வந்த அப்டேட்டிலிருந்து, நாம் தனியாகப் போடுகிற எழுத்துரு நம் யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டாவுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே தோண்டியதும் மிச்சம் கிடைத்தது. அலுவலகக் கடிதங்களில் வருகிற லதா எழுத்துருவும் 10-ல் தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். நீ தமிழில் எதுவும் தட்டுவதில்லை, உனக்கு இந்தக் கவலை இல்லை.

பத்திரிகை எல்லாம் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆடி அமாவாசை முடிந்து இரண்டு நாள் வா. அருவியில் கூட்டம் குறைந்திருக்கும், நானும் குளிக்கவில்லை. லேப்டாப்பையும் எடுத்து வா, ஆனால் வீட்டிலேயே சரியாகிவிட்டால் சுமக்காதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய லேப் பார்ட்னர்

பி.கு.: பயாஸைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று செய். லேப்டாப் என்கிரிப்ட் ஆகியிருந்தால், விஎம்டியை மாற்றியதும் டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர், ரெக்கவரி கீ கேட்கலாம். 48 இலக்கம். உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலேயே போய்ப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆரம்பி. அந்தத் தாளை லேப்டாப் பைக்குள்ளேயே வைக்காதே, உன்னைத் தெரிந்ததால் சொல்கிறேன்.