ரத்தம் ஏற்றிய நோட்டைக் கேட்டு வாங்கு

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மல்லிகா பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். சேலத்தில் வெயில் மாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. மற்ற சமாச்சாரம் அப்புறம்.

நீ தத்தெடுக்கப் போகிற புவனேஸ்வரம் இல்லத்துக் குழந்தையின் படத்தையும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் அனுப்பியதோடு சரி, அதற்குப் பிறகு உன் குரலையே கேட்கவில்லை. மெசேஜ் போட்டால் 'பிஸிம்மா' என்று வருகிறது. அன்றைக்கு அப்பா போனில் சொன்னதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பிள்ளையின் நோட்டைப் பற்றி.

பிறவியிலேயே உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத இந்த நோயைப் பற்றி ரிப்போர்ட்டில் 'பீட்டா தலசீமியா மேஜர், மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்றப்படுகிறது' என்று ஒரே வரிதான் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? எந்த மாதத்திலிருந்து ஏற்றுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி, ஏற்றுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது, நடுவில் குளிர் ஜுரமோ தடிப்போ வந்ததா, இதெல்லாம் எழுதிய நோட்டு ஒன்று ரத்தம் ஏற்றும் ஆஸ்பத்திரியில் இருக்கும். நான் நர்ஸாக இருந்த வார்டில் ஒவ்வொரு தலசீமியா பிள்ளைக்கும் இருந்தது. அட்டை கிழிந்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ்ஸில் வருகிற அம்மாக்கள் அதை மஞ்சள் பையில் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். இந்தப் பிள்ளைக்குப் பை தூக்க ஆள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், தத்து கொடுக்கிற ஏஜென்சிக்கு எழுதி அந்த நோட்டைக் கேட்டு வாங்கு. முழுதாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்.

படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ அவள் சிரிப்பைத்தான் பார்த்திருப்பாய். எனக்குக் கண் வேறு இடத்துக்குப் போனது. நெற்றி கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது. கன்ன எலும்பு தூக்கல். கவுனுக்குள் வயிறு உப்பலாகத் தெரிகிறது, மண்ணீரல் பெருத்திருக்கலாம். ரத்தம் போதவில்லை என்றால் எலும்புக்குள் மஜ்ஜை இல்லாத பாடுபட்டு வீங்கும், முகம் இப்படி ஆகும். ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபினை ஒன்பதரைக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இந்தப் பிள்ளைக்கு ஆறு ஏழு வரை இறங்க விடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். மாதம் ஒன்று போதாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் இரும்பு. ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டில் ரத்தத்திலும் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. ஈரலில் படியும், இதயத்தில் படியும். முன்பு இரவெல்லாம் வயிற்றில் ஊசி குத்தி பம்ப் வைத்து மருந்து ஏற்றுவோம், இப்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற டெஃபரசிராக்ஸ் இருக்கிறது. அந்த இல்லத்தில் கொடுக்கிறார்களா என்று ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை இல்லை. உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேள். ஆயிரத்துக்கு மேல் இருந்தால் நீங்கள் வந்து கூட்டிப்போகும் வரை காத்திருக்கக் கூடாது, இங்கேயே மருந்தை ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். ஹோம் ஸ்டடி, அமெரிக்காவில் ஐ-800 மனு, இங்கே தத்தெடுப்பு ஆணையமான காராவின் என்.ஓ.சி., பிறகு கலெக்டர் உத்தரவு, பாஸ்போர்ட், விசா என்று நீ வரிசையாகச் சொன்னாயே, அதில் ஒவ்வொரு படிக்கும் எத்தனை வாரம் ஆகும் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கோர்ட்டுக்குப் பதிலாக 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே உத்தரவு போடுவதால் சீக்கிரம் முடியும் என்றாய். முடிந்தால் நல்லது. ஆனால் ஃபைல் நகரும்வரை இரும்பு காத்திருக்காது, கண்ணு.

இதையெல்லாம் நீ அவ்வளவு தெளிவாகச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு சரோஜா டீச்சரிடம் அன்றைக்கே சொன்னேன். அதே சரோஜா டீச்சர், உன் மாமியார் இதை எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்த விஷயத்தையும் என்னிடம் சொன்னார். அவர்களிடம் சொன்னது தப்பில்லை. முப்பது வருஷம் குழந்தைகள் வார்டில் நின்றவள் உன் அம்மா. எனக்கு ரிப்போர்ட்டை முதலில் அனுப்பியிருந்தால் இந்தக் கேள்விகளை எல்லாம் அப்போதே கேட்டிருக்கலாம்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் புதிதாக எடுத்துப் பார்க்கச் சொல். பழைய ரிசல்ட்டை நம்பாதே, அதற்குப் பிறகு எத்தனை பேர் ரத்தம் போயிருக்கிறதோ. ஏதாவது பாசிட்டிவ் என்று வந்தால் பின்வாங்குவாயா என்று நான் கேட்கவில்லை. உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் முன்கூட்டியே ஆரம்பிப்பார், அவ்வளவுதான். ஹெபடைடிஸ் சி இப்போது மாத்திரையிலேயே குணமாகிறது.

ரத்தத்துக்கு எதிராக உடம்பில் ஆன்டிபாடி உண்டாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏ, பி, ஓ பொருந்தினால் போதாது. ஆர்.ஹெச். உட்பிரிவுகள், கெல் என்கிற ரத்த வகை வரை பார்த்து ஏற்றுகிற ஊரில் நீ இருக்கிறாய், அது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். இங்கே முன்பு ஏதாவது ஒவ்வாமல் போயிருந்தால் நோட்டில்தான் இருக்கும். அதனால் நோட்டு.

ஒன்று சொல்ல மறந்தேன். ரத்தம் ஊறும் என்று உன் அத்தை பேரீச்சம்பழம், முருங்கைக்கீரைப் பொடி, இரும்புச் சத்து டானிக் எல்லாம் பார்சல் கட்டுவாள். வாங்கி ஓரமாக வைத்துவிடு. இவளுக்கு இரும்பு ஆகாது.

வார்டில் தலசீமியா பிள்ளைகளை எனக்கு உடனே அடையாளம் தெரியும். மற்றப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்ததும் அலறுவார்கள். இவர்கள் தாங்களே கையை நீட்டுவார்கள். "இந்தக் கையில் கிடைக்காது சிஸ்டர், அந்தக் கையில் பாருங்க" என்பார்கள். நான் வெந்நீரில் துணி நனைத்து புறங்கையில் வைத்து, நரம்பு எழும்பியதும் மஞ்சள் கேனுலா போடுவேன். ஆனாலும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளை ஊசி போட்டு முடிந்ததும் அம்மா மடியில் முகத்தை வைத்து ஒரு மூச்சு அழும். இல்லத்திலிருந்து கூட்டிவருகிற பிள்ளைகள் அப்போதும் அழ மாட்டார்கள். ஆயா, "ரொம்ப நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்பாள். எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும். இவளும் முதலில் அழ மாட்டாள். யாரும் அவளைத் தைரியசாலி என்று புகழ விடாதே. ஒருநாள் ஊசிக்கு உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துவாள். அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு, நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

புண்ணியம், பெரிய மனசு என்று பேசுகிறவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள், உனக்கே தெரியும். விழுப்புரம் பெரியம்மா வீட்டில் ரமேஷை வைத்து எப்படிப் பேசினார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். அந்தப் பேச்சு இவள் காதில் விழக்கூடாது. பெற்ற பிள்ளையிடம் யாரும் நன்றி எதிர்பார்ப்பதில்லை.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு நீ இதைத் தேடிக்கொண்டாயோ என்று ஒரு நினைப்பு எனக்கு வந்து வந்து போகிறது. கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மஜ்ஜை மாற்றுவது பற்றி மாப்பிள்ளை கேட்டிருந்தாராம். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே செய்தார்கள், புதிது ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவர்கள் பொருந்தினால் மிகவும் நல்லது. இவளுக்கு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, மஜ்ஜை கொடுப்பவர்கள் பதிவேட்டில் தேட வேண்டும். 2022-இல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. ஈரலிலும் இதயத்திலும் இரும்பு சேராத பிள்ளைக்குத்தான் எந்த சிகிச்சையும் நன்றாக எடுக்கும். முதலில் ஃபெரிட்டின், முதலில் நோட்டு.

புவனேஸ்வரத்துக்கு இங்கிருந்து ரயில் இருக்கிறது. நீங்கள் வரும் முன் ஒரு தடவை நான் போய்ப் பார்க்க விடுவார்களா என்று ஏஜென்சியிடம் கேட்டுச் சொல். டாக்டரிடம் நேரில் பேசினால் அரை மணி நேரத்தில் எல்லாம் விளங்கிவிடும். அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார். நேற்று பிள்ளைக்கு என்ன குரூப் என்று கேட்டார். பி பாசிட்டிவ் என்றேன். "என் குரூப்தானே" என்றார். அவருக்கு வயது அறுபத்தெட்டு, ரத்தம் கொடுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருப்போம். கூப்பிடு. அதற்குள் ஏஜென்சிக்கு மெயில் போட்டுவிடு.

அம்மா