ஞாயிறு முதல் குழந்தைகள் நீச்சல் வகுப்பு

பெற்றோர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 9 மணிக்குச் சிறிய குளத்தில் வகுப்பு தொடங்குகிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் வரலாம். அப்பாவோ அம்மாவோ கட்டாயம் கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும். கைக்குழந்தைகளின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் தண்ணீர் 32 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும். வகுப்பும் அரை மணி நேரம்தான். குழந்தை நடுங்கினால் உடனே தூக்கித் துண்டால் போர்த்துங்கள். தலையை முக்கிப் பழக்க மாட்டோம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். ஒரு வயதுக்குள் நீச்சல் பழகுவது, மூழ்கும் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வகுப்புக்கு வரும் குழந்தையையும் வீட்டில் வாளித் தண்ணீருக்கு அருகில்கூடத் தனியே விடாதீர்கள்.

நீச்சல் டயப்பர் அவசியம். வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த வாரம் வர வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் குழந்தையின் பெயரையும் வயதையும் இங்கேயே பதிவிடுங்கள்.