பி.எஃப். பணத்தை இப்போது எடுத்துவிடாதே அக்கா

பின் யூங், வியட்நாம்
26.10.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பாப்பா, அம்மா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? தீபாவளியன்று போன் செய்தபோது ஒரே வெடிச்சத்தம், நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து உன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரத்துக்கு நாலு ஷிப்ட்தான் ஓடுகிறது, உன் லைனிலேயே பாதிப்பேரை நிறுத்திவிட்டார்கள், நீயும் கணக்கு முடித்துக்கொண்டு பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துப் பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டிவிடலாம் என்று நினைக்கிறாய். இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது, அதனால்தான் லீவு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் கடைசிவரை படி.

அங்கே நம்மை மாதிரி டெய்லருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று போன தடவையே கேட்டாய். இந்த 2025ல் எங்கள் பகுதியில் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 49 லட்சத்து 60 ஆயிரம் டோங். லட்சம் என்றதும் மலைத்துவிடாதே, நம் ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 300 டோங், அப்படிப் பார்த்தால் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரும். ஓவர்டைம், வருகைப்படி எல்லாம் சேர்ந்தால் அதற்கு மேலேயும் வாங்குகிறார்கள். சனிக்கிழமைச் சம்பளம் என்ற பேச்சே இங்கே கிடையாது, மாதச் சம்பளம்தான், அதுவும் பேங்கில். தேத் என்கிற புத்தாண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாக வருகிறது. அதை வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால் ஊரே காலியாகிவிடுகிறது, நம்மூரில் தீபாவளிக்கு ஆகிற மாதிரியே.

மத்தியானச் சாப்பாடு கேன்டீனில். சாப்பிட்டு முடித்ததும் லைட்டை அணைத்துவிடுகிறார்கள். இதை நீ நேரில் பார்க்க வேண்டும் அக்கா. அட்டைப்பெட்டியைப் பிரித்து மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் விரித்து, முகத்தின் மேல் தொப்பியையோ கையையோ வைத்துக்கொண்டு அத்தனை பேரும் தூங்குவார்கள். அரைமணி நேரம் ஓவர்லாக் மெஷின் சத்தம் இல்லாத கம்பெனி. முதல் நாள் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று பயந்தேவிட்டேன். உனக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்து வருகிற ராத்திரிகளில் கால் வீங்கியிருக்குமே, அந்த ஞாபகம்தான் வந்தது.

என் லைனில் காலர் வைக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். இங்கேயும் யாரையும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'சி' என்றால் அக்கா, 'எம்' என்றால் தம்பியோ தங்கையோ, எல்லாம் முறைதான். அதனால் அவர் எனக்கு சி, நான் அவருக்கு எம். வயது 38, உன் வயது. மீகாங் ஆற்றுப் படுகையில் ட்ரா வின் பக்கத்து கெமர் என்கிற சிறுபான்மை இனத்தார். வீட்டில் பேசும் மொழி வேறு, கும்பிடும் கோவில் வேறு. தங்கியிருப்பது நம் லைன் வீடு மாதிரி வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை, பத்துக்குப் பதினைந்து அடி, வாடகை 12 லட்சம் டோங். கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இஷ்டத்துக்கு வாங்குகிறார், அதுவும் நம்மூர் மாதிரியே. புருஷன் கட்டட வேலைக்குப் போகிறார். பிள்ளை மட்டும் ஊரில் பாட்டியிடம்.

ஏன் கூட வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் சலுகைகள் எல்லாம், வந்த இடத்தில் தற்காலிகமாகத் தங்குவோர் என்று பதிந்துகொள்ள வேண்டும். அதற்கிருந்த காகிதப் புத்தகத்தை 2023 தொடக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. ஆனாலும் அரசுப் பள்ளியில் முதலில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம், மிஞ்சினால்தான் இவர்களுக்கு. அப்படியே இடம் கிடைத்தாலும் ஒரு ஷிப்ட்டில் அம்மா, இன்னொரு வேலையில் அப்பா என்றால் சாயங்காலம் பிள்ளையை யார் பார்ப்பது? இந்த வருஷத்திலிருந்து நாடு முழுக்க அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரைக்கும் பீஸ் இல்லை, நல்ல விஷயம். பீஸ் போனது, ஆனால் அம்மா இருக்கிற ஊரில் இடம் வேண்டுமே. இந்த நாட்டின் வளர்ச்சியை இத்தனை வருஷமாகத் தூக்கிச் சுமப்பது கிராமத்துப் பாட்டிகள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் காம்பவுண்டில் இருக்கிற ஒடிசாக் குடும்பத்தை நினைத்துப் பார், அவர்கள் பிள்ளைகள் எங்கே வளர்கின்றன?

இந்த நாடு எங்கிருந்து வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி எலக்ட்ரீசியன் வடக்கே இருந்து வந்த பெரியவர், அறுபதை நெருங்குகிறார். டீ இடைவேளையில் அவர் சொல்வதை ஆபீஸ் பெண் எனக்கு இங்கிலீஷில் சொல்லுவாள். சின்ன வயதில் ரேஷன் கூப்பனோடு விடியுமுன் வரிசைக்குப் போவாராம். கால் வலித்தால் தன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்களாம், செங்கல் நிற்கிற இடம் அவர் இடம். 1975ல் போர் முடிந்தும் பஞ்சம் தீரவில்லை. கூட்டுப்பண்ணையில் யார் எவ்வளவு உழைத்தாலும் ஒரே பங்கு என்பதால் வயல் விளையவில்லை. 1986ல் விலைவாசி ஒரே வருஷத்தில் 700 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த டிசம்பரில்தான் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் 'தோய் மோய்', அதாவது புதுப்பித்தல் என்று முடிவெடுத்தார்கள். 1988ல் வயலைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து அரிசி வாங்கிக்கொண்டிருந்த நாடு அடுத்த வருஷமே, 1989ல், அரிசி ஏற்றுமதி செய்தது. அதே ஜனம், அதே மண். 1993ல் சட்டம் போட்டு, நிலம் பொதுவில் இருந்தாலும் அதை உழவும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அடகு வைக்கவும் அந்தந்தக் குடும்பத்துக்கு உரிமை என்று சிவப்பு அட்டை போட்ட பத்திரம் கொடுத்தார்கள். அந்த வருஷம் நூற்றுக்கு 58 பேர் வறுமையில் இருந்ததாகக் கணக்கு. 2008ல் அது 15க்கும் கீழே வந்துவிட்டது.

தொழிற்சாலைகள் வந்தது அப்புறம்தான். 1994ல் அமெரிக்கா இவர்கள்மேல் போட்டிருந்த வர்த்தகத் தடையை எடுத்தது, 2001ல் அவர்களோடு வர்த்தக ஒப்பந்தம் வந்தது, 2007ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள். பனியன், ஷூ, போன் எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. நான் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முதலில் வயிற்றுக்கும் வயலுக்கும் வழி செய்துவிட்டு, ஊர் ஊராகப் பெண் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் கம்பெனியைக் கூப்பிட்டதால்தான் இங்கே வேலைக்கு வருகிற பெண் ஒப்பந்தத்தைத் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். நீ பதினேழு வயதில் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனபோது வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு முப்பதாயிரம் என்று சொன்னார்கள். இரண்டே முக்கால் வருஷத்தில் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தாய், கணக்கு முடியவில்லை என்று ஆறாயிரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஆறாயிரத்தில்தான் எனக்கு டிப்ளமோ சேர பீஸ் கட்டினாய். நான் மறக்கவில்லை அக்கா.

எல்லாம் இங்கே சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒரே கட்சி, ஒரே தொழிற்சங்கக் கூட்டமைப்பு. ஏற்றுமதியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் வெளிநாட்டுக் கம்பெனிகளுடையது. நம் திருப்பூரைப் பத்து ஏக்கர் தோட்டத்தை விற்று நாலு மெஷின் வாங்கிப் போட்டவர்கள் கட்டினார்கள், அந்தப் பெருமை இங்கே இல்லை. இனச் சிறுபான்மையினர் ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் ஏழைகளில் பெரும்பகுதி அவர்கள்தான். சியின் வீட்டுக்கும் சிவப்புப் பத்திரம் வந்தது. அவருடைய அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகுபோய், வட்டி ஏறி, நிலமே கைமாறிவிட்டது. பங்கு கொடுத்த சட்டத்தோடு வைத்தியச் செலவுக்கும் ஒரு வழி சேர்ந்து வந்திருந்தால் அந்தக் குடும்பம் இன்றைக்கும் வயலில் இருந்திருக்கும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே சம்பளத்தில் பத்தரை சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி தன் பங்காக 21.5 சதவீதம் கட்ட வேண்டும். ஓய்வூதியம், வைத்தியம், வேலை போனால் உதவி எல்லாம் அதில்தான். பிரசவத்துக்கு ஆறு மாதம் சம்பளமும் அதில்தான் வருகிறது. திரும்பி வந்ததும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தினம் ஒரு மணி நேரம் முன்னாடியே போகலாம். நாலரை மணிக்கு அந்தப் பெண்கள் மட்டும் எழுந்து போவதை நான் தினமும் பார்க்கிறேன். லைன் பேலன்ஸ், அதாவது லைனில் யாருக்கு எவ்வளவு வேலை என்று பிரித்துப் போடும்போது அந்த ஒரு மணியையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும், என் வேலையே அது. சட்டம் நம்மிடமும் உண்டு, 2017லிருந்து 26 வாரம் என்று ஆக்கியிருக்கிறார்கள். பாப்பா பிறந்தபோது உன் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அதுதான் நடந்தது. நிறைமாதத்தில் வேலையை விட்டாய், திரும்பவும் புது ஆளாகச் சேர்ந்தாய்.

இந்த ஊரிலும் பணத்தை மொத்தமாக எடுக்கிற வழக்கம் உண்டு. அப்படி எடுக்க முடியாது என்று போட்ட புதுச் சட்டத்தை எதிர்த்து 2015 மார்ச்சில் ஹோ சி மின் நகரத்தில் ஒரு ஷூ தொழிற்சாலையில் பல்லாயிரம் பேர் நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசாங்கமே இறங்கிவந்து மாற்றிக்கொண்டது. அவர்கள்மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போன பெண்ணுக்கு வயதான பிறகு வரப்போகிற பென்ஷனைவிட இந்த மாத வாடகைதானே பெரிது.

சியும் எடுத்தார். 2012லிருந்து வேறொரு கம்பெனியில் ஒன்பது வருஷம். 2021ல் கொரோனாவுக்கு இந்தப் பகுதியையே மாதக்கணக்கில் அடைத்துப்போட்டார்கள், அக்டோபரில் திறந்ததும் ஆயிரக்கணக்கானோர் பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள், அதில் இவரும் புருஷனும். அடுத்த வருஷம் பணத்தை எடுத்தார். கடனுக்குப் பாதி, ஓட்டு வீட்டுக்குப் பாதி. 2023ல் திரும்ப இங்கே வந்து சேர்ந்தார். போன வாரம் போனில் அந்த இன்ஷூரன்ஸ் செயலியைத் திறந்து காட்டினார். பணம் கட்டிய காலம் 2 வருஷம் 7 மாதம் என்று இருந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் 11 வருஷம் 7 மாதம். இந்த வருஷம் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி 15 வருஷம் இருந்தாலே பென்ஷன், இன்னும் மூன்றரை வருஷத்தில் முடித்திருப்பார். இப்போது ஐம்பது வயது தாண்டும்வரை ஊசி முனையைப் பார்த்தாக வேண்டும், ஆனால் நாற்பதுக்கு மேல் தையலுக்கு யார் எடுக்கிறார்கள்? காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

உனக்குப் பி.எஃப். பிடிக்கத் தொடங்கி எட்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. பத்து வருஷம் ஆனால்தான் பென்ஷன் உரிமை. இன்னும் இருபதே மாதம். தொகை பெரிதில்லை, குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்றுதான் வைத்திருக்கிறார்கள், அது போதாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் உன் பேரில் வருகிற பணம், யாரிடமும் கேட்க வேண்டாம். இந்தக் கம்பெனி நிறுத்தினாலும் பரவாயில்லை, அடுத்த கம்பெனியில் சேரும்போது அதே யு.ஏ.என். என்கிற பி.எஃப். நம்பரைக் கொடு, சர்வீஸ் தொடரும். புது நம்பர் போடுகிறேன் என்றால் விடாதே. பாப்பாவிடம் போனைக் கொடுத்துப் பாஸ்புக்கைப் பார்க்கச் சொல், உன் சம்பளத்தில் பிடித்த மாதமெல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள், விட்டுப்போன மாதம் இருந்தால் எனக்கு எழுதி அனுப்பு.

பாப்பா பீஸை நான் கட்டுகிறேன். தாய்மாமன் நான் இருக்கும்போது அதற்கு நீ பி.எஃப்.ஐத் தொட வேண்டியதில்லை. 5ஆம் தேதி சம்பளம் வரும், 6ஆம் தேதி அனுப்பிவிடுவேன், மாமாவிடமும் நானே பேசுகிறேன்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. ஏப்ரலில் வியட்நாமுக்கு 46 சதவீதம் வரி என்று அறிவித்தபோது இங்கே எல்லோரும் பயந்துபோனோம், அப்புறம் 20 ஆகக் குறைத்தார்கள். போன மாதம் வந்த ஆர்டர் பைலில் ஒரு போலோ டீஷர்ட். ஒப்புதல் சாம்பிளின் அட்டையில் திருப்பூர் என்று இருந்தது. அந்தக் காலரை இப்போது சி வைக்கிறார். போன வருஷம் அதை வைத்தது நீயாகக்கூட இருக்கலாம்.

தீபாவளிக்கு சைகோன் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன், நம்மவர்கள் அந்தக் காலத்தில் கட்டியது. வியட்நாம் பெண்கள் கல் சுவரில் முகத்தை ஒட்டவைத்துத் தங்கள் குறையை மெல்லச் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? பாஸ்புக்கைப் பார்த்ததும் போன் செய், ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் தம்பி