நிலம் கூடியது சரி, கடலடி வரைபடம் எங்கே?

கொழும்புத் துறைமுக நகரத்துக்குக் கடல் மணல் எடுக்க அனுமதித்தவர்களுக்கும், அதைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு பதில் கடிதம் வந்தது. தமிழில் எழுதிய மனுவுக்குச் சிங்களத்தில் ஒரு பந்தி. அதற்காக நான் கோபிக்கவில்லை. நீர்கொழும்பில் சிங்களம் வாசிக்க நாங்கள் ஆள் தேட வேண்டியதில்லை. கோபம் வந்தது அதில் எழுதியிருந்த விஷயத்துக்கு. கடலை நிரப்பும் வேலை 2019இல் முடிந்துவிட்டதாம், ஆகையால் இந்தக் கோப்பில் இனிச் செய்ய எதுவும் இல்லையாம். கையொப்பம், முத்திரை, திகதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே ஒரு எழுதுவினைஞர் ஏச்சு வாங்குவார், வேறொன்றும் நடக்காது.

நாங்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. மணல் எடுத்த இடங்களில் கடலடி இப்போது எப்படி இருக்கிறது? எங்கே எவ்வளவு ஆழம், எங்கே பள்ளம், எங்கே சேறு படிந்திருக்கிறது? இதையெல்லாம் அளந்து போட்ட வரைபடத்தை, தொழிலுக்குப் போகிற ஒருவர் பார்த்தால் விளங்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் தாருங்கள் என்று கேட்டோம். அவ்வளவுதான். நட்டஈடு கேட்கவில்லை. திட்டத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. எழுந்து நிற்கிற நிலத்தை இனி யார் நிறுத்துவது?

கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2014 செப்டம்பர் 17ஆம் திகதி சீன ஜனாதிபதியும் நம் அப்போதைய ஜனாதிபதியும் சேர்ந்து தொடக்கி வைத்த திட்டம். 2015 மார்ச்சில் புதிய அரசு இடைநிறுத்தியது, 2016இல் அதே அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. நீர்கொழும்பில் மீனவர்களும் குருமாரும் உண்ணாவிரதம் இருந்ததும் அந்த வருஷம்தான். 2019 ஜனவரியில் 269 ஹெக்டேயரும் நிரம்பி முடிந்தது. பிறகு அது கொழும்பு மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. நாட்டின் பரப்பளவே கூடிவிட்டது என்று மேடைகளில் பெருமையாகச் சொன்னார்கள். சரி, கூடியது. ஆனால் கிட்டத்தட்ட ஆறரைக் கோடி கன மீற்றர் மணல் வானத்திலிருந்து கொட்டவில்லையே. கெரவலப்பிட்டியிலிருந்து நீர்கொழும்புப் பக்கம் வரை, எங்கள் கரைக்கு எதிரே கிடந்த கடலடியிலிருந்து போனது அது.

அந்தக் கப்பல்கள் வேலை செய்ததை வள்ளத்தில் இருந்தபடி பார்த்தவர்கள் நாங்கள். பக்கவாட்டில் நீளமான குழாயை இறக்கும். அதன் நுனி நிலத்தை உரசிக்கொண்டே போகும். மணலும் தண்ணீரும் ஒன்றாக உறிஞ்சப்பட்டுக் கப்பலின் வயிற்றுக்குள் ஏறும். மணல் அடியில் தங்கிவிட, கலங்கல் தண்ணீர் மேலால் வழிந்து கடலிலேயே விழும். நிறைந்ததும் கொழும்புக்குப் போய், முன்பக்கத்தால் பெரிய வளைவாகப் பீச்சியடிக்கும். பத்திரிகைகளில் வந்தது பீச்சியடிக்கிற அந்தப் படம்தான், பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. இங்கே வழிந்த கலங்கலை யாரும் படம் பிடித்துப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கரையில் இருப்பவர்களுக்குக் கடலடி முழுவதும் ஒரே மாதிரி என்ற நினைப்பு. அப்படி இல்லை. ஓரிடத்தில் பார், அதாவது கடலடிப் பாறை, அதற்கு அடுத்து மணல், அதற்கு அப்பால் களி. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணா சின்ன வயதில் தகப்பனோடு போய்ப் பழகியவர். மாதா கோவில் கோபுரத்தையும் கரையில் தெரிகிற இன்னொரு அடையாளத்தையும் நேராகப் பிடித்து, 'இதுக்குக் கீழே மணல், வலையை விடலாம்' என்று சொல்வார். இப்போது அவர் கையில் ஜீபீஎஸ் இருக்கிறது. ஆனால் மேலே எங்கே நிற்கிறோம் என்றுதான் அது காட்டும். கீழே இருந்த மணல் இன்னும் இருக்கிறதா என்று அது எப்படிச் சொல்லும்?

அவர் விடுவது இறாலுக்கான டிஸ்கோ வலை. மூன்று படை வலை அது. ஈயம் கோத்த கீழ்க்கயிறு நிலத்தோடு படுத்துக் கிடந்தால்தான் இறால் படும். மட்டமான மணல் என்று நம்பி விட்ட இடத்தில் பள்ளம் இருந்தால், பாதி வலை நிலத்திலும் பாதி அந்தரத்திலும் நிற்கும். நீரோட்டம் வந்து அதை முறுக்கிவிடும். போன மாதம் அப்படி ஒரு வலை வந்தது. வள்ளத்திலிருந்து இறக்கும்போதே அதை வலை என்று சொல்ல முடியாது. கறுப்புக் களி அப்பி, ஆள் தொடையளவு தடிப்பில் ஒரு வடமாகக் கிடந்தது. அண்ணாவும் மகனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அக்கா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். முறுக்கை எடுக்க எடுக்க உள் படை வெளிப் படைக்குள் இன்னும் இறுகியது. கிழிசலைப் பொத்தி எடுக்கலாம் என்று மத்தியானம் வரை பார்த்தார்கள். கடைசியில் அண்ணா கத்தியை எடுத்து அறுத்தார். ஈயத்தையும் மிதவையையும் மட்டும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டார், அடுத்த வலைக்கு உதவும் என்று. 'றோட்டில் குழி இருந்தா ஒரு பலகையாவது நட்டு வைப்பாங்கள். கடலுக்குள்ளே குழி எங்கே இருக்கு எண்டு ஆரிட்டைக் கேக்கிறது?' என்றார்.

அது கப்பல் தோண்டிய பள்ளமா, முன்பே இருந்த பள்ளமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். எத்தனை கோடி கன மீற்றர் எடுத்தோம் என்று கணக்குச் சொல்ல முடிந்தது என்றால், எங்கே எவ்வளவு எடுத்தீர்கள் என்ற கணக்கும் எங்கோ ஒரு மேசையில் இருக்கத்தானே வேண்டும்? அளக்காமல் எடுத்தீர்கள் என்றால் அது வேறு கதை. அதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பள்ளத்துக்குப் பயந்து இன்னும் வெளியே போகலாம் என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். வெளியே போக மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது அது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு வள்ளக்காரர் அன்றிலிருந்து கடலின் தூரத்தைக் கிலோமீற்றரில் அளப்பதில்லை, லீற்றரில்தான் அளக்கிறார்.

எல்லாப் பழியையும் துறைமுக நகரத்தின் தலையில் போட நான் வரவில்லை. எங்கள் கரையை அலை தின்னத் தொடங்கியது அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே. களனி கங்கையில் மணல் அள்ளியதால் ஆறு கடலுக்குக் கொண்டுவரும் மணல் குறைந்துபோனது, அதில் எங்கள் ஆட்களுக்கும் பங்குண்டு. மீனவர் வாழ்வாதாரத்துக்கென்று 50 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கொடுத்த காசை இல்லையென்று சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் காசைக் கொடுத்துவிட்டால் தகவல் கொடுக்கத் தேவையில்லை என்று ஆகிவிடாது. வலை கிழிந்தவனுக்கு வலை வாங்கிக் கொடுத்துவிட்டு, அது எங்கே கிழிந்தது என்று மட்டும் சொல்லமாட்டோம் என்றால், அந்தப் புது வலை எத்தனை நாளைக்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. துறைமுக நகரத்துக்கான ஆணைக்குழுச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2021 மே 20ஆம் திகதி. அங்கே முதலிடுகிறவர்களுக்கு 40 ஆண்டு வரை வரிவிலக்குக் கொடுக்க இடம் வைத்த சட்டம். அதே மே 20ஆம் திகதிதான் கொழும்புக்கு வெளியே கடலில் நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. பாராளுமன்றத்தில் கை உயர்த்தி முடிந்த சில நாட்களில் எங்கள் கரை முழுவதும் அந்தக் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை. கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வேறு. உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பளிக்க 2025 ஜூலை ஆனது. ஒரே நாளில் பிறந்த இரண்டு விஷயங்களில், சட்டத்துக்கு இருந்த அவசரம் மற்றதுக்கு இருக்கவில்லை. சட்டம் நிறைவேறிய அதே 2021 மே மாதம் துறைமுக நகரத்தில் ஒரு பெயர்ப்பலகைப் படம் வெளியே வந்தது. சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழுக்கு மட்டும் பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது. 269 ஹெக்டேயர் புதிதாக உருவாக்கிய இடத்தில்!

இடம் என்று சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது. மக்கள் வாழ இடம் வேண்டும், கொழும்பு நிரம்பிவிட்டது, ஆகவே கடலை நிரப்புகிறோம் என்றார்கள். நீர்கொழும்பில் முன்னக்கரைப் பக்கம் ஒரு தரம் வந்து பாருங்கள். இரண்டு பேர்ச், ஏறக்குறைய ஐம்பது சதுர மீற்றர், காணியில் தாய் தகப்பன், கலியாணம் கட்டிய மகன், மகள் குடும்பம், முற்றத்தில் வலை. புது நிலத்தில் வில்லா, மரினா, நிதி வலயம் எல்லாம் வரைபடத்தில் பார்த்தோம். வலை காயப்போட இடம் எங்கே என்று தேடினேன், தென்படவில்லை. கோட்டையில் இருக்கிற வெளிச்சவீட்டுக்கு முன்னால்கூட இப்போது கடல் இல்லை, நிலம்தான். யாருக்கு வெளிச்சம் காட்டுகிறது என்று அதனிடம்தான் கேட்க வேண்டும்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கெங்கோ போய்விட்டேன்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடுங்கள் என்று சங்கத்துக்கு ஒருவர் ஆலோசனை சொன்னார். போடுவோம், அதில் வெட்கமில்லை. ஆனால் பாதையில் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தவர், நடக்கிறவர் விண்ணப்பம் எழுதித் தரும் வரைக்கும் காத்திருப்பது முறையா? கடலை அளக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. மணல் எடுக்க முன் இருந்த ஆழத்தையும் இப்போதுள்ள ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நாளைக்கு இன்னொரு திட்டம் வந்து, இன்னொரு துண்டு நிலத்துக்கு மணல் வேண்டும் என்று நீங்களே கேட்டு வரலாம். அன்றைக்குக் கூட்டம் வைத்து எங்களை நம்பச் சொல்வீர்கள். அப்போது மேசையில் வைக்க உங்களுக்கும் இந்த வரைபடம் தேவைப்படும்.

ஆகவே மறுபடியும் கேட்கிறோம். வேலை முடிந்தது என்று கோப்பை மூடாதீர்கள். மணல் எடுத்த இடங்களின் கடலடி வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தாருங்கள். அளந்தது பழையதாக இருந்தால் இன்னொரு தரம் அளந்து தாருங்கள்.

கச்சான் காற்று ஓய்ந்து சிறு வள்ளங்கள் ஒழுங்காகத் தொழிலுக்கு இறங்க முன் கிடைத்தால் பேருதவி. அனுப்பும்போது கடிதத் தாள் அளவில் வேண்டாம், பெரிதாக அச்சிட்டு அனுப்புங்கள், சங்கக் கட்டடத்தில் சுவர் இருக்கிறது. பள்ளங்களைச் சிவப்பில் போட்டால் நல்லது. ஆழத்தை மீற்றரில் தந்தால் போதும், இரு கையும் விரித்தளக்கும் எங்கள் பாகக் கணக்குக்கு நாங்கள் மாற்றிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நீர்கொழும்புக் கடற்றொழில் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவன்