ஆண்டறிக்கை: வரைபடத்தில் விடுபட்ட வீட்டு உயரங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் செட்டிநாட்டு ஊர்களான காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளுக்கு உயரம் சேர்ப்பதே இவ்வாண்டின் முதன்மைப் பணி.

அந்த வரைபடத்தில் நம் வீடுகள் பலவற்றுக்குச் சுற்றுக்கோடு மட்டுமே உண்டு, உயரம் இல்லை. மாடி எண்ணிக்கை மட்டும் இருந்தால், முப்பரிமாணமாகக் காட்டும் செயலிகள் பெரும்பாலும் மாடிக்கு 3 மீட்டர் என்று போட்டுக்கொள்கின்றன. நகரத்து அடுக்ககத்துக்கு அது ஏறக்குறைய சரி. நம் வீடுகளுக்குச் சரிவராது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் மேல்மாடியிலிருந்து அளவு நாடாவை இறக்கினோம். கீழ்முனையைத் தெருமட்டத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டவர் அந்த வீட்டு ஆச்சி. திண்ணை தெருவைவிட உயரம், அதற்கு மேல் தரைத்தளம் மட்டும் 15 அடிக்கு மேல் வந்தது. இரண்டு மாடிக்கு 6 மீட்டர் என்ற கணக்கு அங்கேயே உடைந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டின் அமைப்பு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு மாடியோடு நிமிர்ந்து நிற்கும். வளவு வாசல் என்னும் நடு முற்றம் வானம் பார்த்திருக்கும். அதற்குப் பின்னுள்ள பகுதிகளான இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் ஓடு வேய்ந்து தாழ்ந்திருக்கும். முழு வீட்டுக்கும் ஒரே உயரம் கொடுத்தால் முற்றத்தின் மேலும் கூரை ஏறிவிடும். ஆகவே முற்றத்தை வெட்டி எடுத்து, கட்டுக்கட்டாகத் தனிப் பகுதிகளாக வரைகிறோம். வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனாலும் இதுவே சரியான வழி.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு, மேலிருந்து எடுத்த படத்தில் தெரியும் நிழல் உதவியது. நிழலின் நீளத்தைச் சூரிய ஏற்றக் கோணத்தின், அதாவது அடிவானத்திலிருந்து சூரியன் நிற்கும் கோணத்தின், டேன்ஜென்டால் பெருக்கினால் உயரம் வரும்: 45 பாகையில் நிழலும் உயரமும் சமம், 60 பாகையில் 5 மீட்டர் நிழலுக்கு ஏறக்குறைய 8.7 மீட்டர். படம் எடுத்த நாளும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். நிழல் சமதரையில் விழ வேண்டும். எதிர்வீட்டுச் சுவரில் ஏறிய நிழலை ஒதுக்கிவிட்டோம்.

கூகுள் 2024-இல் வெளியிட்ட கட்டட உயரத் தரவில் 2016 முதல் 2023 வரை ஆண்டுவாரி மதிப்பீடு உண்டு. தெற்காசியாவும் அதில் அடக்கம். சென்டினல்-2 செயற்கைக்கோளின், ஒரு புள்ளி தரையில் 10 மீட்டரைக் குறிக்கும் படங்களிலிருந்து கணித்தவை அவை. ஒரு தெருவின் போக்கைப் பார்க்க நன்று. முற்றத்தையும் முகப்பையும் பிரித்தறிய அதை நம்ப முடியாது. அதை அப்படியே வரைபடத்தில் கொட்டவும் கூடாது. எனவே நாடாவில் அளந்ததை உயரம் என்றும், நிழலில் கணித்ததை மதிப்பீடு என்றும் பிரித்தே குறிக்கிறோம். பின்னால் வருபவர் எதை மறுபடி அளக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

பங்காளிகள் பிரிவினைக்குப் பின் இடிபடும் வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றிருந்தும் இது நிற்கவில்லை. இடிக்கப்போவதாகத் தெரிந்த வீட்டை அன்றே போய் அளக்க வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

வரும் ஆண்டில் பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை. அதற்கு ஒரு லேசர் அளவுமானி வாங்க ஒப்புதல் கோருகிறேன். வெளியூரில் இருக்கும் பங்காளிகளிடம் பேசிச் சாவி வாங்கித் தரக்கூடியவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

செயலாளர்