வரப்பில் நண்டு வளை

நீடாமங்கலம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மூணாறு தலைப்பைத் தாண்டித் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. குறுவை நடவு பாதி முடிந்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே?

ஒரு முக்கியமான விஷயம். எனக்குச் சிறுநீரில் புரதம் போகிறது. சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது. பயப்படாதே, ஆரம்ப நிலைதான். உனக்கும் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதே, அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருஷமும் ரிப்போர்ட்டில் ‘ஆல்புமின் நில்’, அதாவது அந்தப் புரதம் இல்லை என்றே வந்தது. பட்டையை முக்கி நிறம் பார்க்கிற சோதனை அது. கொஞ்சமாக ஒழுகினால் அதற்குத் தெரியாது. நான் அதை நம்பியே இருந்துவிட்டேன். மாசியில் புது டாக்டர் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார். 30-க்குக் கீழே இருக்க வேண்டியது, 140. ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று வைகாசியில் மறுபடி எடுத்தார். 128.

வெயிலில் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துவிடும், புரதமும் குறைவாகத் தெரியும். கிரியாட்டினின் என்பது உடம்பின் கழிவு, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகச் சிறுநீரில் வெளியேறுவது. அதோடு வகுத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. அம்மாவுக்கு 24 மணி நேரச் சிறுநீரையும் கேனில் பிடித்துக் கொண்டுபோனோமே, நினைவிருக்கிறதா? இப்போது ஒரு சின்ன டப்பா போதும்.

வலி இல்லை, கால் வீக்கம் இல்லை, நுரைகூட இல்லை மாப்பிள்ளை. வரப்பில் நண்டு வளை போட்டால் முதலில் கசிவுதான், அதுவும் குனிந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அப்போதே மண்ணை வெட்டி வைத்து மிதித்துவிட்டால் வரப்பு நிற்கும். பிரஷர் மாத்திரையை, புரதம் ஒழுகுவதையும் குறைக்கிற வகையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். முட்டிவலிக்கு நானே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார், சிறுநீரகத்துக்கு ஆகாதாம். நீயும் அதைத்தானே போடுகிறாய்? உன் டாக்டரிடம் கேள்.

அப்புறம், டெஸ்டுக்குக் காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொடு. காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் சரியானபிறகு போ, இல்லாவிட்டால் எண் ஏறிக் காட்டும். ‘நில்’ என்கிற பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி என்னிடம் தப்பிக்காதே. ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வரும்போது புது ரிப்போர்ட் உன் கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்